அமைதிக்கு எதிரா ஒரு ஓட்டு: டாக்கா முதல் ஜெனீவா வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் கொஞ்சம் கனமான விஷயம். ஆனா ஒரு லீவுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2013 மார்ச். நான் அப்ப ஸ்கூல். எங்க பெரியம்மா பையன் கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிச்சுட்டு இருந்தான். ஒருநாள் மதியமே பையோட வீட்டுக்கு வந்துட்டான். "என்னணா, அதுக்குள்ள வந்துட்ட?"னு கேட்டா, "காலேஜ மூடிட்டாங்கடா. எப்பத் தொறப்பாங்கன்னு தெரியல"ன்னான். சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் ஆரம்பிச்ச உண்ணாவிரதம் தமிழ்நாடு முழுக்கப் பரவி, அரசு கல்லூரிகளைக் காலவரையறை இல்லாம மூடச் சொன்ன நேரம் அது. ஜெனீவால இலங்கை பத்தி ஒரு தீர்மானம் வருது, இந்தியா அதுல திருத்தம் கொண்டு வரணும், இதுதான் கோரிக்கை.

நான் கேட்டேன், "அந்தத் தீர்மானத்துல என்னணா எழுதியிருக்கு?" அவன் ஒரு நிமிஷம் யோசிச்சான். "முழுசா தெரியலடா. ஆனா அதுல ஒண்ணும் இல்ல."

ரெண்டு நாள் மறியல்ல வெயில்ல உக்காந்துட்டு வந்தவன் அவன். அவனைக் குறை சொல்லல. அவனுக்கு அந்தக் காகிதத்தை யாரும் தமிழ்ல கொடுக்கல, அவ்வளவுதான். பல வருஷம் கழிச்சு நானே அதை எடுத்துப் படிச்சேன். சில பக்கம்தான். படிச்சதும் அடுத்த கேள்வி வந்துச்சு. போர் நடக்கும்போது "நிறுத்துங்க"ன்னு ஒரு தீர்மானம் வந்தா, ஒரு நாடு எதைப் பார்த்து ஓட்டுப் போடுது? அதுலயும் நம்ம நாடு?

மூணு மேசை

முதல்ல விதிகளை வேகமாப் பாத்துடலாம். ஐ.நா.ன்னு நாம பொதுவாச் சொன்னாலும், ஓட்டு நடக்கிற இடம் மூணு.

ஒண்ணு, நியூயார்க்ல பாதுகாப்புச் சபை. 15 நாடுகள். ஒரு தீர்மானம் நிறைவேற 9 ஓட்டு வேணும், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்தில் யாரும் எதிர்க்கக் கூடாது. எதிர்த்தா அதுதான் வீட்டோ. இந்தச் சபைக்கு மட்டும்தான் எல்லா நாட்டையும் கட்டுப்படுத்துற அதிகாரம் இருக்கு.

ரெண்டாவது, பொதுச் சபை. இப்ப 193 நாடுகள், ஆளுக்கு ஒரு ஓட்டு. இந்தியாவுக்கும் ஒண்ணுதான், பூட்டானுக்கும் ஒண்ணுதான். கட்டாயப்படுத்த முடியாது, ஆனா உலகம் எந்தப் பக்கம் நிக்குதுன்னு பதிவாகும். வீட்டோவால பாதுகாப்புச் சபை முடங்கிட்டா விஷயத்தைப் பொதுச் சபைக்குக் கொண்டு போக 1950-லயே ஒரு வழி வெச்சாங்க. "அமைதிக்காக ஒன்றுபடுதல்"னு அதுக்குப் பேரு.

மூணாவது, ஜெனீவால மனித உரிமைக் கவுன்சில். 47 நாடுகள். தமிழ்ச் செய்திகள்ல நாம அதிகம் கேட்ட பேரு இதுதான்.

ஓட்டும் மூணு வகை. ஆதரவு, எதிர்ப்பு, அப்புறம் தவிர்ப்பு. கடைசி ஒண்ணை நம்ம பத்திரிகைகள் ஒருநாள் "நடுநிலை"ம்பாங்க, இன்னொரு நாள் "புறக்கணிப்பு"ம்பாங்க. வார்த்தையிலேயே ஒரு தீர்ப்பு வந்துடுது. தவிர்த்தா வராம இருந்ததா அர்த்தம் இல்லை. வந்து உக்காந்து, "நான் ரெண்டு பக்கமும் இல்ல"ன்னு பதிவு பண்றது. கிட்டத்தட்ட நம்ம நோட்டா மாதிரி.

1971: அமைதியை எதிர்த்த 11 பேர்

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினா குன்னூர். ஓய்வுக்குப் பிறகு சாம் மானெக்‌ஷா அங்கதான் வாழ்ந்தார். 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார், ஊட்டியில் அடக்கம் செய்தார்கள். 1971 போரில் இந்திய ராணுவத்தின் தளபதி அவர். அந்தப் போரை நாம எல்லாருமே பெருமையாத்தான் படிச்சிருக்கோம். அதுக்கு நடுவுல நடந்த ஒரு ஓட்டைப் பத்தி எனக்கு ஸ்கூல்ல யாரும் சொன்னதில்லை.

பின்னணி தெரிஞ்சதுதான். 1971 மார்ச்சில் கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவ ஒடுக்குமுறை தொடங்கியது. அந்த வருடத்துக்குள் ஏறக்குறைய 1 கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். மாதக்கணக்கில் இந்தியா உலகத்திடம் முறையிட்டது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. டிசம்பர் 3-ல் போர் வெடித்தது.

வெடித்த மறுநாளே பாதுகாப்புச் சபை கூடியது. உடனே போர்நிறுத்தம், படைகள் திரும்ப வேண்டும் என்று அமெரிக்கா ஒரு வரைவு கொண்டு வந்தது. ஆதரவு 11, எதிர்ப்பு 2, தவிர்ப்பு 2. எதிர்த்த இரண்டில் ஒன்று சோவியத் யூனியன். வீட்டோ. அடுத்த நாள் இன்னொரு வரைவு, இன்னொரு வீட்டோ. நடுவில், முதலில் கிழக்கில் அரசியல் தீர்வு வேண்டும் என்று சோவியத் தன் பங்குக்கு ஒரு வரைவு வைத்தது. அதற்குக் கிடைத்த ஆதரவு 2 ஓட்டு.

சபை முடங்கியது. விஷயம் பொதுச் சபைக்குப் போனது. டிசம்பர் 7-ல் வாக்கெடுப்பு. தீர்மானம் 2793: உடனடிப் போர்நிறுத்தம், இரு நாட்டுப் படைகளும் தத்தம் எல்லைக்குத் திரும்புதல்.

ஆதரவு 104. எதிர்ப்பு 11. தவிர்ப்பு 10.

அந்த 11-ல் ஒன்று இந்தியா. கூட இருந்தது சோவியத் அணி நாடுகள், கியூபா, மங்கோலியா, அப்புறம் செப்டம்பரில்தான் ஐ.நா.வில் சேர்ந்த பூட்டான். அணிசேரா இயக்கத்தில் நேரு கைகோத்த எகிப்தும் யூகோஸ்லாவியாவும் எதிர்ப்பக்கம், அதாவது "போரை நிறுத்து" பக்கம். இலங்கையும் அந்தப் பக்கம்தான். பிரிட்டனும் பிரான்சும் தவிர்த்துவிட்டன.

காந்தி பிறந்த நாடு, உலகத்துல பெரும்பான்மை "சண்டையை நிறுத்துங்க"ன்னு சொல்றப்ப, முடியாதுன்னு சிவப்பு ஓட்டுப் போட்டது. அன்னைக்கு அது தப்பா?

அந்தத் தீர்மானத்தை வரி வரியாப் பாருங்க. அகதிகள் விரும்பித் திரும்புற சூழலை உருவாக்க முயற்சி எடுக்கணும்னு ஒரு வரி இருக்கு. ஆனா அவங்க எதனால ஓடி வந்தாங்களோ, அந்த ஆட்சியைப் பத்தி எதுவும் இல்லை. டிசம்பர் 7-ல் படைகள் திரும்பியிருந்தா, கிழக்குப் பாகிஸ்தான் மறுபடியும் அதே ராணுவத்தின் கையில. 1 கோடிப் பேர் நம்ம முகாம்கள்ல. இந்தியாவின் வாதம் இதுதான்.

டிசம்பர் 13-ல் மூன்றாவது வீட்டோ. டிசம்பர் 16-ல் டாக்காவில் சரணடைதல். டிசம்பர் 21-ல் பாதுகாப்புச் சபை ஒருவழியாகப் போர்நிறுத்தத் தீர்மானத்தை நிறைவேற்றியது, எதிர்ப்பே இல்லாமல். அதற்குள் போர் முடிந்து நாலைந்து நாள் ஆகிவிட்டது.

இங்க எனக்குப் புரிஞ்சது ஒண்ணு. போர்நிறுத்தம்னா படைகள் எங்க நிக்குதோ அங்கேயே உறையணும், இல்லேன்னா பழைய இடத்துக்குத் திரும்பணும். ரெண்டுலயும் யாராவது லாபம் பாக்குறாங்க, யாராவது இழக்குறாங்க. ஜெயிச்சுட்டு இருக்கிறவன் இன்னும் பத்து நாள் கேட்பான். தோத்துட்டு இருக்கிறவன் இன்னைக்கே நிறுத்தச் சொல்வான். ஓட்டுப் போடுற நாடு அந்தக் கணக்கைப் போட்டுத்தான் பொத்தானை அமுக்குது. 1971-ல் அந்தப் பத்து நாள் நமக்குத் தேவைப்பட்டுச்சு. வாங்கிக் கொடுக்க ஒரு வீட்டோ இருந்துச்சு.

இதை ஞாபகம் வெச்சுக்குங்க. அடுத்த கதையில அந்தப் பத்து நாள் வேற ஒருத்தர் கையில இருக்கு.

2009: ஓட்டே நடக்காத நாட்கள்

2009 தொடக்கத்தில் வன்னியில் போர் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. விடுதலைப் புலிகளின் கையில் இருந்த நிலம் நாளுக்கு நாள் சுருங்கியது. அதற்குள் லட்சக்கணக்கான பொதுமக்கள் சிக்கியிருந்தார்கள். அரசுப் படைகள் மக்கள் இருந்த இடங்களில் எறிகணை வீசின. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள். ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் கொடுத்த அறிக்கையில் இந்த இரண்டுமே இருக்கின்றன. கடைசிக் கட்டத்தில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டை மறுக்க முடியாது என்றும் அந்தக் குழு சொன்னது.

தமிழ்நாடு கொதித்தது. ஜனவரியில் சட்டமன்றம் போர்நிறுத்தம் கேட்டுத் தீர்மானம் போட்டது. அதே மாதம் சென்னையில் முத்துக்குமார் தீக்குளித்தார். ஏப்ரல் 27-ல் முதல்வர் கருணாநிதி அண்ணா நினைவிடத்தில் சில மணி நேரம் உண்ணாவிரதம் இருந்தார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று இலங்கை அன்றைக்கு அறிவித்தது. உண்ணாவிரதம் முடிந்தது. குண்டுகள் நிற்கவில்லை.

நம்ம ஊரும் இதுல இருக்கு. மே 2-ஆம் தேதி, நீலாம்பூர் பக்கத்து பைபாஸில் ராணுவ லாரிகள் வரிசையாக வந்தன. இலங்கைக்கு ஆயுதம் போகிறது என்ற சந்தேகத்தில் ஈழ ஆதரவு அமைப்பினர் மறித்துத் தாக்கினார்கள். பயிற்சி முடிந்து திரும்பும் வண்டிகள் என்று ராணுவம் சொன்னது. வழக்குகள், கைதுகள், தேசியப் பாதுகாப்புச் சட்டம் வரை போனது. இன்னைக்கு அந்த ரோட்டுல ஐ.டி. பஸ்ஸுல போறவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்னு எனக்குச் சந்தேகம். எனக்கே போன வருஷம்தான் தெரியும்.

அந்தச் சம்பவத்தை நான் சரின்னு சொல்ல வரல. ஆனா மக்கள் ஏன் ரோட்டுல போற லாரியைப் பார்த்துச் சந்தேகப்பட்டாங்க? அவங்களுக்குப் பேச வேற மேசை இல்லை. சட்டமன்றத் தீர்மானத்துக்கு ஜெனீவால நாற்காலி கிடையாது. நம்ம பேர்ல அங்க உக்கார்றது டெல்லி மட்டும்தான்.

சரி, நியூயார்க்ல என்ன நடந்துச்சு? போர் முடியுற வரைக்கும் பாதுகாப்புச் சபையில் இலங்கை பற்றி ஒரு தீர்மானம்கூட வாக்கெடுப்புக்கு வரவில்லை. தோற்கவும் இல்லை, வீட்டோவும் ஆகவில்லை. வரவே இல்லை. இது உள்நாட்டு விவகாரம் என்று ரஷ்யா, சீனா போன்ற நாடுகள் சொன்னதால், அதிகாரபூர்வ நிகழ்ச்சி நிரலிலேயே அது ஏறவில்லை. முறைசாராமல் கூடிப் பேசினார்கள். இந்தியா அந்த வருடம் சபை உறுப்பினரே இல்லை.

மே 13-ல் சபை ஒரு பத்திரிகை அறிக்கை வெளியிட்டது. அதற்கு வாக்கெடுப்பு தேவையில்லை, யாரையும் கட்டுப்படுத்தாது. தேதியைக் கவனிச்சீங்களா? 2009 மே 13, தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் நாள். நம்ம அப்பா அம்மா விரல்ல மை வெச்சுட்டு வந்த அதே நாள். இங்க கோடிக்கணக்கான ஓட்டு. அங்க, தீர்மானிக்க வேண்டிய 15 பேர்கிட்ட ஒரு ஓட்டுகூடக் கேக்கல.

ஐந்து நாளில் போர் முடிந்தது.

அதுக்கப்புறம்தான் ஓட்டு வந்துச்சு. மனித உரிமைக் கவுன்சிலில் மூன்றில் ஒரு பங்கு நாடுகள் கேட்டால் சிறப்பு அமர்வு கூட்டலாம். மேற்கு நாடுகள் கேட்டுக் கூட்டின. ஆனால் அந்த அமர்வில் வாக்கெடுப்புக்கு வந்து நிறைவேறியது இலங்கை அரசே முன்னின்று எழுதிய வரைவு. மே 27, 2009. ஆதரவு 29, எதிர்ப்பு 12, தவிர்ப்பு 6.

உள்ளே என்ன? தலைப்பில் மனித உரிமையை மேம்படுத்த இலங்கைக்கு உதவி. புலிகள் பிணையாக வைத்திருந்த மக்களை அரசு விடுவித்ததற்கு வரவேற்பு. புலிகளின் தாக்குதல்களுக்குக் கண்டனம். இலங்கையின் இறையாண்மை மீண்டும் உறுதி. அரசுப் படைகள் மீது விசாரணை என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்த நேரத்தில் ஏறக்குறைய 3 லட்சம் தமிழர்கள் முள்வேலி முகாம்களில் இருந்தார்கள்.

கோட் எழுதுறவங்களுக்கு இது புரியும். ஃபங்ஷனுக்கு அழகா ஒரு பேர் வெச்சிருப்பாங்க, உள்ள போய்ப் பாத்தா அது வேற ஏதோ பண்ணிட்டு இருக்கும். தீர்மானமும் அப்படித்தான். தலைப்பைப் படிச்சுட்டு நல்லதுன்னு நம்பக் கூடாது.

அந்த 29-ல் இந்தியா, பாகிஸ்தான், சீனா மூன்றும் ஒன்றாக. பிரேசில், தென்னாப்பிரிக்கா, கியூபா எல்லாரும் உண்டு. இவங்க எல்லாருக்கும் தமிழர்கள் மேல கோபமா? இல்லை. பல ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்கு, இன்னைக்கு இலங்கைக்குள்ள நுழையுற கேள்வி நாளைக்கு நம்ம வீட்டுக்குள்ள வரும்ங்கிற பயம். ஈராக்கைத் தாக்கினவங்க எங்களுக்கு மனித உரிமை சொல்லிக் கொடுக்கறாங்களாங்கிற கோபம். இந்தியாவுக்குக் காஷ்மீர் கணக்கு, சீனா கொழும்புக்கு நெருங்குதேங்கிற கவலை. கணக்கு புரியுது. ஆனா 1971-ல் "ஒரு நாடு தன் மக்களைக் கொல்றது உள்நாட்டு விவகாரம் இல்லை"ன்னு வாதாடின அதே நாடு, 38 வருஷம் கழிச்சு எந்தப் பக்கம் உக்காந்துச்சுங்கிறதும் அந்தப் பட்டியல்லயே இருக்கு.

திரும்பித் திரும்பி வந்த ஓட்டு

2012 மார்ச்சில் அமெரிக்கா முன்னெடுத்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 24-15-8. ஆனால் ஐ.நா. அதிகாரிகளின் உதவி இலங்கையின் சம்மதத்தோடுதான் என்று ஒரு வரியைச் சேர்க்க வைத்தது. எங்கண்ணன் சொன்ன "ஒண்ணும் இல்ல"வுக்கு இந்த மாதிரி வரிகள்தான் காரணம்.

2013 மார்ச் 19-ல் தி.மு.க. மத்தியக் கூட்டணியிலிருந்து வெளியேறியது. 21-ல் வாக்கெடுப்பு, 25-13-8. இந்தியா ஆதரவு, மாணவர்கள் கேட்ட திருத்தம் இல்லாமல். 2014 மார்ச்சில்தான் முதல்முறையாகச் சர்வதேச விசாரணைக்கு வழி செய்யும் தீர்மானம் வந்தது. 23-12-12. அதுவரை ஆதரித்த இந்தியா, அந்த முறை தவிர்த்தது. தீர்மானத்துக்கு வலு வந்ததும் நம்ம ஓட்டு நகர்ந்துடுச்சு. மறுநாளே, சிறையில் இருந்த இந்திய மீனவர்களை விடுவிக்க ராஜபக்ச உத்தரவிட்டார். 2021-லும் 2022-லும் தவிர்ப்பு. நடுவுல டெல்லியில் ஆட்சியே மாறியிருந்தது, ஓட்டு மாறல.

உக்ரைன், காஸா

2022 மார்ச் 2. ரஷ்யா வெளியேற வேண்டும் என்ற பொதுச் சபைத் தீர்மானம். 141-5-35. இந்தியா தவிர்ப்பு. அந்த நேரத்துல நம்ம பக்கத்து மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் கார்கீவ் பங்கர்ல இருந்தாங்க. அவங்களை வெளியே கொண்டு வர ரெண்டு நாட்டோட தயவும் வேணும்.

ஒரு சின்னத் தகவல். 1971-ல் நம்மகூட நின்ன 11-ல் உக்ரைனும் ஒண்ணு. சோவியத்துக்குள்ள இருந்தாலும் அதுக்கு ஐ.நா.வுல தனி ஓட்டு இருந்தது. 2009-ல், இலங்கை ஓட்டுல உக்ரைன் தவிர்ப்பு. 2022-ல், உக்ரைன் ஓட்டுல நாம தவிர்ப்பு.

காஸாவில் 2023 அக்டோபர் தீர்மானத்தில் இந்தியா தவிர்த்தது. ஹமாஸ் தாக்குதலை அது கண்டிக்கவில்லை என்பது காரணம். டிசம்பரில் உடனடி மனிதாபிமானப் போர்நிறுத்தம் கேட்ட தீர்மானத்தை ஆதரித்தது, 153-10-23. 2025 ஜூனில் மறுபடி போர்நிறுத்தத் தீர்மானம், 149-12-19. மறுபடி தவிர்ப்பு.

அண்ணனுக்கு ஒரு பதில்

இதையெல்லாம் படிச்சப்ப எனக்கு ஒரு சங்கடம் வந்துச்சு. 1971-ல் "இப்ப நிறுத்தாதீங்க"ன்னு போட்ட ஓட்டை நான் மனசார ஆதரிக்கிறேன். 2009-ல் கொழும்பு சொன்னதும் அதேதான், "இன்னும் கொஞ்ச நாள், முடிச்சுடறோம்". ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

எனக்குக் கிடைச்ச பதில் இதுதான். அந்தக் கொஞ்ச நாள்ல யார் தப்பிச்சாங்க, யார் செத்தாங்கன்னு பாக்கணும். 1971 போர் முடிஞ்சதும், சில மாசத்துக்குள்ள அகதிகள் பெரும்பாலும் வீடு திரும்பினாங்க. 2009-ல் அந்த நாட்கள்ல ஒரு கடற்கரையில மக்கள் செத்துட்டு இருந்தாங்க. எல்லாத்தையும் இது தீர்த்து வைக்காதுன்னு தெரியும். டாக்கா பக்கமும் போருக்கு நடுவுல, போருக்குப் பின்னாடி செத்த அப்பாவிகள் உண்டு. ஆனா எந்த நாடு பச்சை, எந்த நாடு சிவப்புன்னு எண்ணிட்டு இருக்கிறதைவிட இது நல்ல கேள்வின்னு தோணுது.

அதனால அடுத்த தடவை "ஐ.நா. தீர்மானம், இந்தியா இந்தப் பக்கம்"னு ஒரு செய்தி ஃபோன்ல வந்தா, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி அந்தத் தீர்மானத்தைத் தேடி எடுங்க. ஐ.நா. தளத்துலயே இலவசமா இருக்கு. யார் எழுதினது, எந்தத் தேதியில வருது, அந்தத் தேதியில நிறுத்தினா யார் எங்க நிப்பாங்க, உண்மையிலேயே எதைச் செய்யச் சொல்லுதுன்னு பாருங்க. ஓட்டே நடக்கலைன்னா, ஏன் நடக்கலைன்னு இன்னும் கவனமாப் பாருங்க.

எங்கண்ணன் இப்ப பெருந்துறைப் பக்கம் வேலையில இருக்கான். போன மாசம் அந்த 2013 தீர்மானத்தைத் தமிழ்ல எழுதி அவனுக்கு அனுப்பினேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் பண்ணான்.

"டேய், இதை அன்னைக்கே படிச்சிருந்தா போயிருப்பேனான்னு யோசிச்சேன்."

"போயிருப்பியாணா?"

"போயிருப்பேன். அட்டையில வேற மாதிரி எழுதியிருப்பேன்."

அடுத்த வாரம் பேசலாம். வர்றேனுங்க.